மலைப்பெட்டியின் ஞாபகம்

நெஸ்தோர் அந்தப் பெட்டியைப் போன்சோப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்து, அக்காவின் சமையலறை மேசைமேல் வைத்தான்.

"இந்தா அக்கா. அந்த முட்டியை வச்சுக்கிட்டு நீ எதுக்கு மலை ஏறணும்? நானே போய்க் கழட்டிக் கொண்டாந்துட்டேன்."

ஸுல்மாவின் கையில் மாத்தே டீக் குடுவை அப்படியே நின்றது. கழட்டியா என்று நினைத்தபடி பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

உள்ளங்கை அகலம்தான் அந்தப் பெட்டி. விசிறி கிடையாது, இரைச்சல் கிடையாது. மலைமேல் தண்ணீர்த் தொட்டியருகே, சோலார் தகடும் பேட்டரியும் தருகிற துளி கரன்ட்டைக் குடித்துக்கொண்டு, ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம் ஒன்றை ஓட்டிக்கொண்டு, ஊர் முழுக்க இன்டர்நெட்டைச் சுமந்தது. செல்போன் சிக்னல் இந்தக் கோர்தோபா மலைகளைத் தாண்டி எட்டிப் பார்ப்பதில்லை. எந்தக் கம்பெனியும் திரும்பிப் பார்க்காத ஊருக்கு அக்காவும் தம்பியும் சேர்ந்து போட்ட வழி இது ஒன்றுதான்.

வியாழக்கிழமை அது அடைத்துக்கொண்டது.

உள்ளே யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்ற விதியில் யாரோ ஒரு வரியைத் தப்பாகப் போட்டிருக்க வேண்டும். அந்த வரி தப்பானால், பெட்டி எழுதினவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்ளும். இந்த வேலையில் இந்தத் தப்பைச் செய்யாதவர் கிடையாது. தலையில் அடித்துக்கொண்டு மலை ஏறுவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அன்று சாயந்திரம் பார்த்துத்தானா பெரியவர் எவாரிஸ்தோவுக்கு நெஞ்சு வலிக்க வேண்டும்! அவர் மனைவி இர்மா போனை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போகவே இல்லை. பக்கத்து வீட்டு லாரியில் போட்டு டவுனுக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெட்டியின் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். தம்பி அன்று நாய்க்கு ஊசி போட டவுனுக்குப் போயிருந்தான். மிச்சம் யார்?

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மளிகைக் கடையில் ஸுல்மாவைக் கண்டதும் இர்மா வாங்கிய ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியேறினாள். "பெரிய கம்ப்யூட்டர்காரியாம்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வியாழன் மதியம் ஸுல்மாவும் பாஸ்வேர்டு போட்டுப் பெட்டிக்குள் போயிருந்தாள், பள்ளிக்கூடத்தின் புது மெஷின் ஒன்றைச் சேர்க்க. நானா? கண்ணாடி போடாமல் எதையாவது மாற்றித் தட்டிவிட்டேனா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி தன்மேல் விழுந்தாயிற்று. பாவமும் தன்னுடையதுதானா என்று தெரியாமல் தூக்கம் கெட்டுக் கிடந்தாள்.

பெட்டிக்குத் தெரியும். யார் நுழைந்தார்கள், எங்கிருந்து நுழைந்தார்கள் என்று அது ஞாபகம் வைத்திருக்கும். ஆனால் மனசுக்குள் மட்டும்தான். உள்ளே இருக்கும் சின்னச் சில்லு தேய்ந்துவிடக்கூடாது என்று எதையும் எழுதி வைக்காது. கரன்ட் போனால் அத்தனையும் போச்சு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, கேபிள் சொருகிப் படித்தால்தான் உண்டு.

அதனால்தான், ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்துக்கு முன் நானே ஏறி என் கண்ணால் படிக்கிறேன், அதுவரை யாரும் பெட்டியைத் தொடாதீர்கள் என்று கடைவாசலில் நின்று கெஞ்சியிருந்தாள். அவசரத்துக்கு லாரியை நிறுத்திவைத்து, முணுமுணுத்துக்கொண்டே ஊரும் ஒத்துக்கொண்டது. நெஸ்தோர் பக்கத்திலேயே நின்று தலையாட்டினான்.

இன்று ஞாயிறு.

ஸுல்மா பெட்டிக்குக் கரன்ட் கொடுத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கேபிளைச் சொருகிப் பார்த்தாள். முதல் வரியே இன்றைய தேதி. அதற்கு முன் ஒன்றுமில்லை.

"ஐயோ, அழிஞ்சுபோச்சா? எனக்குத் தோணவே இல்லையே அக்கா. உன் முட்டியத்தான் நினைச்சேன்."

பாவம், பதற்றத்தில் செய்துவிட்டான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மாத்தேயை நிரப்பிக் கொடுத்தாள். ஒரு முறை உறிஞ்சிவிட்டு நன்றி சொல்லிக் குடுவையை நீட்டினான். நன்றி சொன்னால் போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம். கெண்டி காலியாகும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவன் அவன்.

ஸுல்மா பெட்டியைத் திருப்பினாள்.

அடியில், மழை படாத இடத்தில், ஒட்டுத்தாள். நீல மையில் கொட்டை எழுத்து. 'பிடுங்காதே! பிடுங்கினால் எல்லாம் மறந்துபோகும். முதலில் கேபிள் சொருகிப் படி.'

ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கூரையடியிலும் இந்த இணைப்பை வாங்கித் தருகிற குட்டிப் பெட்டியில் இதே தாள், இதே கையெழுத்து. இர்மா வீட்டிலும் உண்டு. ஒரு தடவை ஸுல்மா மறதியாகப் பிடுங்கிவிட்டபோது காட்டுக்கத்தல் கத்திவிட்டு, உட்கார்ந்து அத்தனை தாளையும் எழுதி ஒட்டியவன் நெஸ்தோர். டவுனில் இருந்தபடியே பெட்டிக்குள் நுழையலாம் என்று அவளுக்குச் சொல்லித் தந்தவனும் அவன்தான்.

நான் இல்லை.

நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இறங்கின கையோடு தம்பியைப் பார்த்தாள். இதற்கு நானாகவே இருந்து தொலைத்திருக்கலாம் என்று நினைத்தாள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. கூட்டத்துக்கு ஜனங்கள் போகத் தொடங்கியிருந்தார்கள்.

"வா அக்கா. உன் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். எவன் என்ன சொல்றான்னு பாத்துடலாம்."

ஸுல்மா போன்சோவை மடித்து நாற்காலிமேல் போட்டாள். பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நீயே தூக்கிட்டு வாடா தம்பி. அடிப்பக்கம் எல்லாருக்கும் தெரியற மாதிரி பிடிச்சுக்க."