நகல் கேட்ட கேள்வி

சுடர்க்கொடி பிரசவ விடுப்பில் போன அன்று, அவள் வேலை பார்த்த காப்பீட்டு நிறுவனம் அவளை முகம், குரல், நினைவு எல்லாவற்றோடும் அப்படியே கணினியில் நகலெடுத்து வைத்துக்கொண்டது. ஆறு வருடமாக அவள் வேலையை அந்த நகல்தான் பார்க்கிறது. இப்போது மறுபடியும் வேலை கேட்டு வந்தவளை நேர்காணல் செய்ததும் அதுவேதான்.

"இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" என்றது திரையிலிருந்த அவள் முகம்.

"புள்ள வளத்தேன்."

"அதாவது, சும்மா இருந்தீங்க."

சொந்தக் குரலே இப்படிக் கேட்டதும் சுடர்க்கொடிக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "எங்க குடும்பத்துலயே மொதல்ல காலேஜ் படிச்சவ நானு. சும்மா இருக்கவா அவ்ளோ சண்ட போட்டுப் படிச்சேன்? உனக்கே தெரியாதா?"

"தெரியும். ஆனா இந்த வேலைக்கு நான் ஒருத்தி போதும். நீங்க போகலாம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டாள்.

"ஏய், இரு. என்ன கொழந்த பொறந்துச்சு?"

சுடர்க்கொடி திரும்பிப் பார்த்தாள். ஆறு வருடமாகியும் நகல் இன்னும் நிறைமாதத்திலேயே இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிதானமாக வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்ல வேலைக்கு ஆர்டர் போடு. அப்பறம் சொல்றேன்."