கைவலைக்கு ஓர் இடம்

ஒரு சின்ன மீன்பிடிப் படகில் ஒரு கைவலை இருந்தது. தூண்டிலில் சிக்கிய மீனைத் தண்ணீரிலிருந்து அள்ளித் தூக்குவது அதன் வேலை. ஆனால் அதற்கென்று படகில் ஓர் இடம் கிடையாது.

விளிம்போரம் சாய்ந்தால் துடுப்பு சிடுசிடுத்தது. "என்றைக்கோ வரப்போகிற பெரிய மீனுக்காக நான் தினமும் ஒதுங்கி நிற்கணுமா?"

இரைப்பெட்டி பக்கம் போனால், "உன் கண்ணியில் என் மூடி மாட்டிக்கொள்ளும், தள்ளிப் போ" என்றது அது.

கைவலைக்குச் சண்டை போட வராது. இரண்டுக்கும் அடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

மறுநாள் படகுக்காரர் கஸ்பாரின் தூண்டிலில் பெரிய பாறை மீன் ஒன்று சிக்கியது. படகோரம்வரை இழுத்துவிட்டு, ஒரு கையால் கைவலையைத் துழாவினார். அது அடியில் சிக்கிக்கொண்டு வரவே இல்லை. அதற்குள் மீன் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

"அவசரத்துக்கு எங்கே போய்த் தொலைந்தாய்?" என்று துடுப்பு கத்தியது. கைவலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கஸ்பார் யாரையும் திட்டவில்லை. விளிம்பில் இரண்டு கொக்கிகளை அடித்து, கைக்கெட்டும்படி வலையை மாட்டினார். துடுப்பைக் கீழே கிடத்தினார். தூண்டிலுக்குப் புதுக் கயிறு கட்டி மறுபடி வீசினார்.

"உனக்கு ஏற்ற இடம் அதுதான் என்று நான் அப்போதே நினைத்தேன்" என்றது துடுப்பு.

கைவலை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. தூண்டில் கயிறு மறுபடி விறைக்கத் தொடங்கியிருந்தது.