தங்கபாண்டிக்குக் காவல்

"தங்கபாண்டி வெலை போயிட்டான்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீ என்னமோ ஏலக்காய் எண்ணிக்கிட்டு இருக்கியே ஆத்தா!"

அரையிறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கலீபுல்லா போட்ட சத்தத்தில் ஈஸ்வரியின் மடியில் தூங்கிய பிள்ளை நெளிந்தது.

"மெதுவாண்ணே. இப்பத்தான் கண்ணசந்துச்சு."

கலீபுல்லாவுக்குப் போடியில் மளிகைக்கடை. ஏலமலை கிளப் கூடைப்பந்து ஆடினால் கடையை மச்சானிடம் தள்ளிவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். ஈஸ்வரிக்கு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற சோலி. சோலி முடிந்ததும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவளும் ஆஜர். முந்தானையில் ஒரு பிடி கழிவுக்காய் இருக்கும். யார் கூடை போட்டாலும் அவன் பேருக்கு ஒரு காயை ஒதுக்கி வைப்பாள். கிளப்காரர்கள் நோட்டில் எழுதியது தப்பினாலும் ஈஸ்வரி காய் தப்பாது. கமிட்டித் தலைவர் பெரியகருப்பனே அப்படிச் சொல்வார்.

போன வருசம் தங்கபாண்டி பேருக்குக் காய் குவிந்து கிடக்கும். இந்த வருசம் மூன்று ஆட்டம் சேர்த்து ரெண்டே காய். அதுவும் கூடைக்கு அடியில் நின்று இடது கையால் போட்டது. பந்து கைக்கு வந்தால் எறிவது போலக் குனிவான், நிமிர்வான், அடுத்தவனுக்குத் தட்டிவிடுவான்.

"இதுல ஜெயிச்சா நாளைக்கு ஃபைனலு. பேங்கு டீமுக்கு ஆள் எடுக்க வந்திருக்காங்க, வேலையோட. இவன் மரம் மாதிரி நிக்கிறான். கமிட்டியில சொல்லி முதல் அஞ்சு பேர்லருந்து தூக்கணும். நீ கணக்கை மட்டும் சொல்லு, மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"சொல்றேண்ணே. ஆனா, இவன் போடாத வருசத்துலதான் நம்மாளுக இம்புட்டு ஈசியா ஜெயிக்கிறாய்ங்க. எப்பிடிண்ணே?"

"ஜெகதீசும் ஹக்கீமும் நல்லா ஆடுறாய்ங்க."

"போன வருசமும் அதே பயலுகதானே?"

கலீபுல்லா மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈஸ்வரிக்குக் குடைச்சல் தாங்கவில்லை. அரையிறுதியின் கடைசிக் கால் மணி நேரம் கூடையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். தங்கபாண்டியைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். ரெண்டு பேர் நின்றால் ஒரு காய். நிமிசத்துக்கு நிமிசம் காய் சேர்ந்தது. அந்தப் பக்கம் ஜெகதீஷோ ஹக்கீமோ கேட்பாரில்லாமல் நின்று போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே! பய வளந்துட்டாண்ணே. முன்னாடியெல்லாம் பந்தை யாருக்குக் குடுத்தான்? இப்ப அடுத்தவனுக்கு வழி விடுறான்!"

"நல்லா வளந்தான்! சுத்தி ஆள் இல்லாம மூணு தடவை தனியா நின்னானே, அப்பவாச்சும் போட்டிருக்கலாம்ல?"

ஈஸ்வரி அவன் வலது கையையே பார்க்க ஆரம்பித்தாள்.

ஆட்டம் முடிந்தது. ஏலமலைதான் ஜெயித்தது. கூட்டம் கலைந்ததும் ஈஸ்வரி நேரே தங்கபாண்டியிடம் போனாள்.

"அப்பு, பிள்ளையச் செத்த பிடி. சேலையைச் சரி பண்ணிக்கிறேன்."

அவன் சிரித்தபடி ரெண்டு கையையும் நீட்டினான். இடது கை வந்தது. வலது கை நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஈஸ்வரி பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"எப்பருந்துப்பா?"

"ரெண்டு மாசமாச்சுக்கா. போடிமெட்டுல ஜீப்புக்கு லோடு ஏத்துறப்ப மூட்டை சறுக்கி தோள்ல விழுந்துருச்சு. இனிமே இந்தக் கை மேல போகாதுன்னு மதுரை ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

"அப்புறம் என்னத்துக்குப்பா எறங்குற?"

தங்கபாண்டி மைதானத்தின் அந்தப் பக்கம் பார்த்தான். பேங்குக்காரர் ஒருவர் ஜெகதீஷிடமும் ஹக்கீமிடமும் என்னவோ கேட்க, ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நான் உள்ள நின்னாத்தானேக்கா ரெண்டு பேரு என்னையச் சுத்துவாய்ங்க? வெளிய உக்காந்தா அந்த ரெண்டு பேரும் ஜெகதீசு, ஹக்கீமு மேல போய் விழுவாய்ங்க. நாளைக்கு ஒரு நாள்க்கா. ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"வெலை போயிட்டேன்னு பேசுறாங்கப்பா."

"காதுல விழுதுக்கா."

மறுநாள் சாயங்காலம். கமிட்டிப் பெஞ்சில் பெரியகருப்பன் உட்கார்ந்திருந்தார். ஒட்டினாற்போல அடுத்த பெஞ்சில், ஃபைனலில் எதிர்த்து ஆடவிருந்த கோயமுத்தூர் அணியின் கோச் தன் பையன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அந்தத் தங்கபாண்டி எறியறதே இல்லீங்கறாங்க. வெறும் பேருதானாட்ட இருக்குது. அவனை விட்டுப்போட்டு மத்த ரெண்டு பேரைப் புடிக்கலாமா?"

அந்த நேரம் பார்த்துக் கலீபுல்லா ஈஸ்வரியை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"தலைவரே, ஈஸ்வரியையே கேளுங்க. ஆத்தா, மூணு ஆட்டத்துல தங்கபாண்டி பேருக்கு எத்தனை காய்?"

"ரெண்டு."

"கேட்டீங்களா?"

பக்கத்துப் பெஞ்சில் கோச் பேச்சை நிறுத்தினார். அவர் காது இந்தப் பக்கம் இருந்தது. அது ஈஸ்வரிக்குத் தெரிந்தது. பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"ஃபைனலுக்குன்னு கையை அடக்கி வச்சிருக்காண்ணே. இன்னைக்கு விடியக்காலம் சோலிக்குப் போறப்ப நானே நின்னு பாத்தேன். அம்புட்டுத் தூரத்துலருந்து எறியிறான், இருபதுல பத்தொம்போது உள்ள!"

கலீபுல்லா வாயைப் பிளந்தார்.

"நீ எண்ணினியா?"

"காய் வச்சு எண்ணினேண்ணே."

"ஈஸ்வரி எண்ணுனா சரியாத்தான் இருக்கும். அவனையே எறக்குங்கப்பா" என்றார் பெரியகருப்பன்.

பக்கத்துப் பெஞ்சில் கோச் அவசரமாக எழுந்து நின்றார்.

"டேய், இங்க வாங்கடா. அவனுக்கு ரெண்டு பேரு பத்தாது. மூணு பேரா நில்லுங்க!"