எதிர்வீட்டுச் சிவப்புக் கார்

ராஜகிரிக் கோட்டைக்கு வரவேண்டிய காலை வெயிலில் பாதி, தங்கராஜின் புதுக் கார்மேல்தான் விழுகிறது போல; எதிர்வீட்டு விநாயகத்துக்குக் கண் கூசுகிறது. பழுத்த மிளகாய்ச் சிவப்பு, பின்னால் பந்தயக் கார் மாதிரி ஒரு சின்ன இறக்கை, நாலு சக்கரத்துக்கடியிலும் நாலு எலுமிச்சம்பழம். இன்றைக்கு அமாவாசை, மேல்மலையனூர்க் கோயிலில் பூசை போடத் தங்கராஜ் வீட்டில் கிளம்புகிறார்கள். பல் தேய்க்கிற சாக்கில் விநாயகம் காரை இரண்டாவது சுற்று வருகிறான். வாயில் பிரஷ் காய்ந்தே போயிருக்கிறது. “இன்னா தங்கராஜு, தரையோட தரையா கெடக்குது? சிங்கவரம் ரோட்டு வேகத்தடையில வயிறு உரசாது?” “உரசலண்ணே, நேத்தே போய்ட்டு வந்துட்டேன்.” “டிக்கியில ரெண்டு மூட்ட மல்லாட்டை போவுமா?” எந்த வண்டிக்கும் வேர்க்கடலை மூட்டைதான் விநாயகத்தின் அளவுகோல். “மூணு போவும்.” “பின்சீட்ல தலை இடிக்குமே!” தங்கராஜ் பின்கதவைத் திறந்து, எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறான். “அண்ணி, நீங்களே ஒக்காந்து பாருங்க. அப்டியே கோயிலுக்கும் வந்துடுங்க.” இந்தக் கார் வீண் என்று புருஷன் விநாயகம் ஒரு வாரமாக ஓதியதற்கெல்லாம் தலையாட்டிய ஜெயக்கொடி, எப்போது கட்டினாளோ, பட்டுப்புடவையில் வந்து ஏறுகிறாள். தலை இடிக்கவில்லை; கொண்டைக்கு மேலே நாலு விரல் இடம் மிச்சமிருக்கிறது. “நீங்களும் வாங்கண்ணே.” “எனக்கு ஸ்பெஷல் பஸ்தான்பா சவுகரியம்,” என்கிறான் விநாயகம், அந்தப் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கத்தான் இடம் கிடைக்கும் என்று தெரிந்தே. கதவு அலுங்காமல் சாத்திக்கொள்கிறது. பழங்கள் நசுங்க, கார் நகர்கிறது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஜெயக்கொடி விநாயகத்தைப் பார்த்து என்னமோ சொல்லிச் சிரிக்கிறாள். ஒரு சொல்கூட வெளியே கேட்கவில்லை. நல்ல வசதிதான், உள்ளே இருக்கிறவளுக்கு.