கெட்டிச் சுவர்

"பொறாமைதான் ரஸ். வேற என்னவா இருக்கும்?" என்றாள் நொலீன், ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தபடி. "சக்கரம் வச்ச வீடு ஒண்ணு நமக்கு வந்துடுச்சில்ல? அது கண்ணை உறுத்துது."

அவள் கணவர் ரஸல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"பெவ்வுக்கா பொறாமை? அவளை உனக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்."

வருடம் தவறாமல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவர்கள் வருவது சக்கர வீடும் கூடாரமும் போட்டுத் தங்குகிற இந்தக் கடற்கரை கேரவன் பார்க்குக்குத்தான். அதே யூகலிப்டஸ் மரம், அதே இடம். ஒரு பக்கம் வருடாவருடம் வரும் தோழி பெவ்வின் கூடாரம், மறுபக்கம் அதேபோல வரும் நண்பர் கிளைவின் கூடாரம். நடுவில் இவர்களுடைய பழைய கேம்பர், காருக்குப் பின்னால் இழுத்துவரும் மடக்குக் கூடார வண்டி. கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், கான்வாஸ் துணிச் சுவர்கள் இரண்டு பக்கமும் விரியும். மழை வந்தால் ஒழுகும். நனைந்ததை அப்படியே மடித்து எடுத்துப்போனால் அடுத்த வருடம் வரை நாறும். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ரஸலின் தோள்பட்டை போய்விட்டதால், இந்த வருடம் அதைத் தள்ளிவிட்டு கேரவன் வாங்கினார்கள். கெட்டிச் சுவர், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், உள்ளேயே கழிப்பறை. நொலீன் அதற்குப் பூப்போட்ட திரைகூடத் தைத்துப் போட்டிருந்தாள்.

வந்து இறங்கிய அன்று பெவ் அதைச் சுற்றி வந்தாள். சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல கனமாத்தான் இருக்கு" என்றாள், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"ஜன்னலாவது திறந்து வைப்பீங்கல்ல?" என்று கேட்டார் கிளைவ்.

"எதுக்குத் திறக்கணும்? அதான் ஏசி இருக்கே" என்று நொலீன் பெருமையாகச் சொன்னாள். இரண்டு பேர் முகமும் தொங்கிப்போனது.

அதோடு சரி. பார்த்தால் சிரிப்பார்கள், கையை ஆட்டுவார்கள். கதவுப்பக்கம் மட்டும் ஒருவரும் வரவில்லை.

"முன்னெல்லாம் எப்படி இருந்தாங்க ரஸ்! எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சே, அந்த வருஷம் விடிஞ்சும் விடியாம வெந்நீர்ப் பையோட வந்து நின்னா பெவ். இறால் சாப்பிட்டா தேவலைன்னு எனக்குத் தோணினா போதும், மறுநாள் கிளைவ் ஒரு வாளி நிறைய கொண்டுவருவார். நான் வாயைத் திறந்து ஒண்ணு கேட்டிருப்பேனா? மனசைப் படிக்கிற மனுஷங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப ரெண்டு நாளா பல்லு வலியில உயிர் போகுது. ஏன்னு கேக்க நாதியில்ல."

"கொஞ்சம் பேச்சைக் குறைச்சா பல்லுக்கும் ஓய்வு கிடைக்கும்" என்றார் ரஸல்.

நொலீன் முறைத்தாள். ரஸல் ரொட்டிக்குத் திரும்பினார்.

"வேணும்னா நான் போய் அவங்ககிட்டச் சொல்லட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். சொல்லி வரவழைக்கிறதுல என்ன இருக்கு? நாளைக்கே கிளம்பலாம். அடுத்த வருஷத்துக்கு வேற ஊர் பார்த்துக்கலாம்."

வீம்புக்குச் சொல்லிவிட்டாளே தவிர, சொன்னதும் அவளுக்கே அழுகை முட்டியது. நல்லது கெட்டதற்கு என்று அவளுக்கு இருந்தது இந்த இரண்டு பேர்தான். சொல்லாமல் ஓடிப்போனதாக இருக்கக் கூடாது என்று, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினாள்.

மர நிழலில் பெவ்வும் கிளைவும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள் நொலீன். "நாங்க நாளைக்குக் காலையில கிளம்பறோம்."

பெவ் கோப்பையைக் கீழே வைத்தாள். "கிளம்பறீங்களா? புத்தாண்டுகூட இன்னும் வரலியே. என்னடி ஆச்சு?"

"கடைவாய்ப் பல்லு வலி. ரெண்டு நாளா வெறும் ஓட்ஸ் கஞ்சி."

"பல்லு வலியா? நீ எங்ககிட்டச் சொல்லவே இல்லையே?"

"என்னிக்கு நான் சொல்லி நீங்க வந்தீங்க? சொல்லாமலேதானே வந்து நிப்பீங்க? கேரவன் வாங்கினதும் நான் வேண்டாதவளாப் போயிட்டேன், அப்படித்தானே?"

பெவ் கிளைவைப் பார்த்தாள். கிளைவ் தன் செருப்பைப் பார்த்தார்.

"நீயே சொல்லிடு" என்றார் அவர்.

பெவ் நொலீனின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அட அசடு, துணிச் சுவருக்குள்ள நீயும் ரஸ்ஸும் படுத்துக்கிட்டுப் பேசறது எங்க ரெண்டு கூடாரத்துக்கும் ஒரு எழுத்து விடாம கேக்கும். உன் இடுப்பு வலி, இறால் ஆசை எல்லாம் எங்களுக்கு அப்படித் தெரிஞ்சதுதான். இப்ப கெட்டிச் சுவரு, அதுக்கு மேல ஏசிச் சத்தம். உள்ள உனக்கு என்ன வேணும்னு எங்களுக்கு எப்படிடி தெரியும்? ராத்திரி ரெண்டு பேரும் காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்து பார்த்தாச்சு."

நொலீனுக்குச் சந்தோஷத்தில் பல்வலியே மறந்துபோனது. யாரும் அவளை ஒதுக்கவில்லை. யாருக்கும் பொறாமை இல்லை. இதை உடனே ரஸலிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தவள், பாதியில் அப்படியே நின்றாள். முகம் குப்பென்று சிவந்தது.

"அப்போ... உன்னைப் பத்தி நான் ரஸ்கிட்டச் சொன்னது?"

பெவ் கிராம்புத் தைலம் எடுக்கக் கூடாரத்துக்குள் குனிந்தாள்.

"பின்ன எதுக்குடி நான் குளிக்கும்போது பாடறதை விட்டேன்னு நெனச்ச?"