பாங்காக்கில் இன்னும் நாலு நாள்

மகள் கல்யாணத்துக்கு ஐந்தே நாள்தான் பாக்கி. பெண்ணைப் பெற்றவனோ பாங்காக்கில் ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். பேரையூரே மூக்கில் விரலை வைத்தது.

அந்தச் சேதியைக் கொண்டுவந்தவன் விருமாண்டி. பெண்ணின் அப்பன் நல்லகாமனும் அவனும் கூட்டாக மோட்டார் பம்புசெட்டுக் கடை வைத்திருந்தார்கள். கிணறெல்லாம் வறண்டுபோய், ஆளாளுக்கு ஆழத் தோண்டிப் புது மோட்டார் இறக்கிய வருஷம் அது. அதிகமாக விற்றுக் கொடுத்ததற்காகக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரையும் ஐந்து நாள் பாங்காக் அனுப்பிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது ஒருத்தன்தான்.

"எங்கண்ணே அவரு?" என்று வாசலிலேயே கேட்டாள் நல்லகாமன் பெண்டாட்டி பாண்டியம்மாள்.

விருமாண்டி உண்மையைச் சொல்லத்தான் வந்தான். மூன்றாம் நாள் காலையில் ஓட்டல் அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த நல்லகாமன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காகித வேலையெல்லாம் முடிந்து உடம்பு மெட்ராசுக்கு வந்துசேர, கல்யாணம் கழிந்து வரும் திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். வீட்டுக்குத் தந்தி அடிக்கப் போனவர்களை, வேண்டாம், நானே நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்கிறேன் என்று தடுத்தவனும் இவன்தான்.

வந்து பார்த்தால் வாசலில் முகூர்த்தக்கால் நட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை இருளாயிக்குக் கல்யாணம்.

அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் பந்தல்வரை வந்து நின்றுபோனது. அந்த மாப்பிள்ளையின் தாத்தா செத்துப்போக, பெண்ணின் ராசி சரியில்லை என்று ஊர் பேசிவிட்டது. அடுத்த வரன் அமைய மூன்று வருஷம் ஆயிற்று. இப்போது அப்பனும் செத்தான் என்று தெரிந்தால் இருளாயி காலத்துக்கும் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். விருமாண்டி சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

"அங்க பாக்க ஏகப்பட்டது இருக்கு தங்கச்சி. இன்னும் நாலு நாள் இருந்து பாத்துட்டுத்தான் கிளம்புவேன்னு மாப்ள நின்னுக்கிட்டாரு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"மக கல்யாணத்த விடவா? அப்படி அம்புட்டு என்ன இருக்காம் அங்க?"

அன்றைக்குப் பிடித்தது அவனுக்குச் சனி. பந்தல் வேலைக்குத் தினமும் வந்துதான் ஆகவேண்டும். வந்தால் சொந்தபந்தம் சூழ்ந்துகொண்டு, இன்றைக்கு என்ன சாக்கு என்று கேட்கும். பாங்காக்கில் அவன் பார்த்ததில் பாதி ஆஸ்பத்திரி வராந்தா. பாவம், கம்பெனி கொடுத்த வழவழப்பான புத்தகத்தின் படங்களைப் பார்த்துப் பாடம் பண்ணிக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை, வாய்க்காலில் படகை நிறுத்தி அதிலேயே காய்கறி விற்கிறார்கள், அதைப் பார்க்கவே ஒரு முழு நாள் வேண்டும் என்றான். செவ்வாய்க்கிழமை, அஞ்சாறு லாரியை வரிசையாக நிறுத்தின நீளத்துக்குப் படுத்திருக்கும் தங்கப் புத்தரைச் சொன்னான். புதன்கிழமை, அங்கேயும் நம் மாரியாத்தாளுக்குக் கோயில் இருக்கிறது, மகளுக்காக வேண்டிக்கொண்டு மாப்ள அங்கேயே கிடக்கிறார் என்றான்.

பாண்டியம்மாள் புருஷனை ஏசித் தீர்த்தாள். "அந்தப் புத்தரு எந்திரிச்சு உக்கார்ற வரைக்கும் இருந்து பாத்துட்டே வரட்டும்" என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வராவிட்டால் என் தம்பி தாரை வார்த்துக் கொடுப்பான் என்று அவளே முடிவும் பண்ணிவிட்டாள். இப்படிப்பட்ட அப்பனுக்காக யார் காத்திருப்பது என்று எல்லாரும் அவள் பக்கம் பேசினார்கள்.

அத்தோடு நிறுத்தினாளா? வளையல்காரரைக் கூப்பிட்டு முழங்கை மட்டும் வளையல் அடுக்கிக்கொண்டாள். தலை கொள்ளாமல் மல்லிகை, நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். கல்யாணப் பெண்ணுக்கு அம்மாவா, இவளே கல்யாணப் பெண்ணா என்று பெண்கள் ஜாடை பேசினார்கள்.

விருமாண்டியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. புருஷன் ஊரில் இல்லாதபோது இப்படிச் சிங்காரித்துக்கொள்ள ஒருத்திக்கு மனசு வருமா? செத்தவனை இந்தப் பேச்சுப் பேசுகிறாளே என்று ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிஷமே, திங்கட்கிழமை இவள் கதி என்ன என்ற நினைப்பும் வந்தது.

வியாழக்கிழமை பந்தலுக்கு வாழைமரம் கட்டி முடித்தான். சாக்கும் தீர்ந்துபோயிருந்தது. நல்லவேளையாக அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கிளம்ப எழுந்தவனைப் பாண்டியம்மாள் கொல்லைப்பக்கம் தனியாகக் கூப்பிட்டாள். அங்கே கல்யாணச் சமையலுக்கு வந்த விறகு மட்டும்தான் கிடந்தது, ஆள் அரவம் இல்லை.

"அண்ணே, அவருக்கு ரொம்ப வலிச்சுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

விருமாண்டி விறகின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"இல்ல தங்கச்சி. ஒரு நிமிசம்தான்" என்றான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கு யார் சொன்னது என்று அவன் கேட்டது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அழாதீக. இருளாயி பாத்துரப் போறா" என்றாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"நீங்கதாண்ணே சொன்னீக. வந்த நாள்ல இருந்து, எழவு வீட்டுல இருந்து எந்திரிச்சுப் போற மாதிரி ஒரு வார்த்தை சொல்லாமத்தான போறீக? எனக்குத் தெரிஞ்ச மாதிரி சம்பந்தகாரங்களுக்கும் தெரிஞ்சிரக் கூடாது. நாளைக்கு மட்டும் எல்லாரும் கேக்க, 'போயிட்டு வாரேன்'னு சொல்லிட்டுப் போங்கண்ணே."