மக்காச்சோளம் பிடிக்காதவர்

வியாழக்கிழமைதோறும் அதிபருடன் மதிய உணவு சாப்பிடுவது துணை அதிபர் வெர்னனின் வழக்கம். இன்று அவருடைய மனைவி கொரின் தன் கையாலேயே டை கட்டிவிட்டாள்.

"அதிபர் மறுபடி தேர்தல்ல நிக்கும்போது உன்னைக் கழட்டி விட்டுட்டு, டெக்சஸ் கவர்னரைச் சேர்த்துக்கப் போறாராமே? டிவி பூரா அதே பேச்சு."

"இன்னிக்கு முடிவு சொல்லிடுவார், கொரின்."

"மக்காச்சோளம் விளையுற அயோவாவுக்கே போய், எனக்கு மக்காச்சோளமே பிடிக்காதுன்னு மைக்குல சொன்னா, யார்தான் உன்னை வச்சுக்குவா?"

"சும்மா இரு. எனக்கு நேரமாச்சு."

இரண்டு மணிக்குத் தளர்ந்த நடையோடு திரும்பினார் வெர்னன். அவர் முகத்தைப் பார்த்ததுமே கொரினுக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன சொன்னார்?"

"மாத்தலையாம். அயோவாவுல கருத்துக்கணிப்பு எடுத்தாங்களாம். அவரைவிட எனக்குத்தான் ஆதரவு அதிகமாம். உண்மை பேசுற ஒரே அரசியல்வாதி நான்தானாம். கட்டிப் பிடிச்சுக்கிட்டார்."

"அப்போ நாம பார்த்து வச்ச ஏரிக்கரை வீடு? மீன்பிடிப் படகு?"

"இன்னும் நாலு வருஷம் கழிச்சுத்தான். மக்காச்சோளத்தைத் திட்டு, தானா கழட்டி விடுவாங்கன்னு ஐடியா குடுத்தியே, மகராசி!"

கொரின் மூக்கைச் சிந்திக்கொண்டு யோசித்தாள்.

"கட்சி மாநாட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. நாளைக்கு சீஸுக்குப் பேர்போன விஸ்கான்சின் போறேல்ல? அங்கே சீஸ்னா எனக்கு உயிர்னு சொல்லு. அப்பவாவது மத்த அரசியல்வாதிங்க மாதிரித் தெரியறியா பார்ப்போம்!"